அருகில் இருப்பவர் யார்?



தருமபுரி நகரில், பென்னாகரம் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிறு மண்டபத்தில் மாணவர்க்கான பேச்சுப் போட்டி ஒன்று நடைபெற்றது. நடுவர்களுள் ஒருவனாக நானும் முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். ஒரு மாணவி தகடூர் அதியமானைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். காஞ்சித் தொண்டைமானிடம் ஔவையார் தூது சென்ற கட்டத்திற்கு வந்திருந்தாள். அந்நேரம் என் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. ஓசைப்படாமல் நிறுத்திவிட எண்ணித் துழாவிய என் விரல், அழைப்பை நிறுத்துவதற்கு மாறாக ஏற்றுவிட்டது. மறுகணம், மண்டபத்தின் பெரிய ஒலிபெருக்கியிலிருந்து என் தம்பியின் குரல் முழங்கிற்று.

“அண்ணா, அந்த ஆள் மறுபடியும் வந்து நிற்கிறான். இந்த மாத வட்டியாவது வாங்காமல் போகமாட்டேன் என்கிறான். அண்ணிக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னாயே, நான் என்ன சொல்லி அனுப்பட்டும்?”

அண்ணி நான்காம் வரிசையில் அமர்ந்திருந்தாள்.

அன்று மாலை என் இல்லத்தில் நடந்தவை வானொலிக்கு உரியவை அல்ல, அவற்றை விட்டுவிடுகிறேன். இரவில் உறக்கம் வராமல் கிடந்தபோது ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. மண்டபத்து ஒலிபெருக்கிக்கும் என் கைப்பேசிக்கும் என்ன உறவு? அவ்விரண்டிற்கும் இடையே கம்பி இல்லை. எவரும் எதையும் இணைக்கக் கண்டிலேன். பிறகு நினைவு வந்தது. முதல் நாள் மாலை, தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிக்கச் செய்து பார்ப்பதற்காக, என் கைப்பேசியை அந்த ஒலிபெருக்கியோடு நானேதான் இணைத்துவைத்தேன். நான் மறந்துவிட்டேன், கருவிகள் மறக்கவில்லை. மறுநாள் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுத்தவுடன், அது தனக்குத் தெரிந்த பழைய நண்பனைத் தேடிக் குரல் கொடுத்திருக்கிறது. என் சட்டைப்பையில் இருந்தவன் ‘இதோ இருக்கிறேன்’ என்று விடை கூறியிருக்கிறான்.

புளூடூத் என்று நாம் வழங்கும் இந்தக் குறுந்தொலைவுக் கம்பியிலா இணைப்பின் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த அவமானத்தினால்தான். அதனை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இப்போது என் குரல் உங்கள் இல்லங்களுக்கு வருகிறதல்லவா? இதனை யாரும் கேட்கலாம்; எல்லாரும் கேட்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். வானொலிக்கு இரகசியம் கிடையாது. ஆனால் உங்கள் கைப்பேசி உங்கள் காதில் செருகிய சிறு கருவியோடு பேசும்போது, அதுவும் இதே இனத்தைச் சேர்ந்த அலைகளைத்தான் காற்றில் வீசுகிறது. அவ்வலைகளும் நான்கு திசைகளிலும் பரவுகின்றன. பேருந்தில் உங்கள் அருகில் நிற்பவர்மீதும் அவை படுகின்றன. எல்லாருக்கும் எட்டும் காற்றில் ஒருவருக்கு மட்டும் எப்படிப் பேசுவது? கம்பியிலாச் செய்தியின் வரலாறு தொடங்கிய நாள்முதல் இதுவே அதன் தீராத் தலைவலி.

அந்த வரலாறு குறுந்தொலைவிலேதான் தொடங்கிற்று. அதிலும் நம் நாட்டிற்குப் பெருமைக்குரிய பங்கு உண்டு. 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளைச் சுவர்களை ஊடுருவிச் செல்லச் செய்து, அப்பால் இருந்த மணியை ஒலிக்க வைத்தார். வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். ஒரு கட்டடத்திற்குள் அடங்கிய தொலைவுதான். நெடுந்தொலைவைக் கைப்பற்றும் ஆசை பின்னர் மார்க்கோனிக்கு வந்தது.

மார்க்கோனி தம் கம்பியிலாத் தந்தி பிறர் காதில் விழாது என்று உலகுக்கு உறுதி கூறிவந்தார். ஒரே சுதியில் கூட்டிய இரு கருவிகள் தமக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும் என்பது அவர் வாதம். 1903 ஜூன் மாதத்தில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதனை மெய்ப்பித்துக் காட்ட ஏற்பாடாயிற்று. பேராசிரியர் ஃபிளெமிங் மேடையில் விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தார். தொலைவிலுள்ள கார்ன்வால் பகுதியிலிருந்து மார்க்கோனியின் செய்தி வர வேண்டும். அது வருமுன்பே கருவி தானாகத் தட்டத் தொடங்கிற்று. வந்த சொல் ‘எலிகள்’ என்பது! அதனைத் தொடர்ந்து மார்க்கோனியை எள்ளி நகையாடும் அடிகளும் வந்தன. நெவில் மாஸ்கலின் என்னும் மாயவித்தைக்காரர் அருகிலிருந்து அனுப்பிய குறும்பு அது. ஃபிளெமிங் சினந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மாஸ்கலினோ, செய்தது நானே என்று முன்வந்து ஒப்புக்கொண்டார். மக்கள் நலத்தை முன்னிட்டே ஓட்டையை வெளிப்படுத்தியதாக அவர் கூறினார். அவர் செயலை நயமானதென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் காட்டிய ஓட்டை உண்மையானது. கேட்பது ஒரு கேடு; இன்னொருவராக நடித்துப் பேசுவது மற்றொரு கேடு. இரண்டையும் தடுத்தாக வேண்டும் என்பதை அந்த மாலைப்பொழுது உலகுக்கு உணர்த்திற்று.

இனி ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளைத் தாண்டிச் செல்கிறேன். 1994-ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டின் லுண்ட் நகரம். அங்கே எரிக்சன் நிறுவனத்தில் பணியாற்றிய யாப் ஹார்ட்சன் என்னும் டச்சுப் பொறியியலாளரும், ஸ்வென் மாட்டிசன் என்பவரும் கைப்பேசியையும் அதன் துணைக்கருவிகளையும் கம்பியின்றிச் சேர்த்துவைக்கும் வழியை ஆராய்ந்தனர். 1998-இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் ஒன்றுகூடி, இதற்குப் பொது விதி வகுக்கச் சங்கம் கண்டன. முதல் விதித்தொகுப்பு 1999-இல் வெளியாயிற்று.

பெயரைப் பற்றி ஒரு சொல். நீலப்பல் என்று பொருள்படும் புளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னனின் பட்டப்பெயர். பிரிந்து கிடந்த டேனியரை ஒன்றுசேர்த்தவன் அவன். அதுபோலப் பிரிந்து கிடக்கும் கருவிகளை ஒன்றுசேர்ப்பதற்கு அவன் பெயரே பொருத்தம் என்று இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டாக் முன்மொழிந்தார். அம்மன்னன் தன் தந்தை கோர்மின் நினைவாகவும் தாய் தீராவின் நினைவாகவும் எல்லிங் என்னும் ஊரில் நாட்டிய கல் இன்றும் நிற்கிறது. நாம் கைப்பேசியில் காணும் அந்த நீலச் சின்னம், அக்கல்லில் உள்ளது போன்ற ரூன் எழுத்துகளில் அவன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பிணைத்து வரைந்தது. இதனைப் படித்தபோது எனக்கு நம் தருமபுரியின் நினைவு வந்தது. ஆநிரை மீட்டு மாண்ட வீரர்க்கு எடுத்த நடுகற்கள் நம் மாவட்டத்தில் எத்தனை! அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் பெயர் என்று வட்டெழுத்தில் பொறித்த அக்கற்கள் சில எல்லிங் கல்லுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. அவற்றின் எழுத்து எந்தக் கருவியின் முகப்பிலும் ஏறவில்லை. தமிழில் இவ்விணைப்பிற்கு ‘ஊடலை’ என்று பெயரிட்டுச் சிலர் வழங்குகின்றனர். நல்ல சொல்தான், கடைத்தெருவில் கேட்டால் மட்டும் கடைக்காரர் விழிக்கிறார்.

புளூடூத் அலைகள் இயங்கும் பகுதி 2.4 கிகாஹெர்ட்சை ஒட்டியது. வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் பெற்ற காலம் நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவில் இருக்கும். அத்தகைய நாட்டில், 2.4 கிகாஹெர்ட்சுப் பகுதியில் இயங்கும் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் வேண்டியதில்லை என்று 2005-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி செய்தது. உரிமம் வேண்டாத இடம் என்றால் கூட்டம் மிகும் என்பது சொல்லாமலே விளங்கும். வைஃபை அங்கே இருக்கிறது. சமையற்கட்டின் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கே இரைகிறது. அக்கூட்டத்தில் மோதாமல் செல்வதற்குப் புளூடூத் ஒரு தந்திரம் செய்கிறது. 79 தடங்களை வகுத்துக்கொண்டு, நொடிக்கு 1,600 தடவை ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது.

இவ்வாறு தாவும் கருத்துக்குப் பல முன்னோடிகள் உண்டு. அவர்களுள் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். இரண்டாம் உலகப்போரின்போது, நீர்மூழ்கிக் குண்டுகளைக் கம்பியின்றிச் செலுத்தும் சமிக்ஞையை எதிரி குலைக்காதிருக்க, 88 அலைவரிசைகளில் தாவித் தாவி அனுப்பலாம் என்று அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெயிலும் 1942-இல் காப்புரிமை பெற்றனர். பியானோவின் கட்டைகள் 88 என்பதே அந்த எண்ணுக்குக் காரணம். அப்போரில் எவரும் அதனைப் பயன்படுத்தவில்லை.

மாணவ நண்பர்கள் பலர், ‘தாவுவதால் எவரும் ஒட்டுக்கேட்க இயலாது’ என்று எண்ணுகின்றனர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது தவறு. தாவும் வரிசை, இணைப்பை நடத்தும் கருவியின் முகவரியையும் அதன் கடிகாரத்தையும் கொண்டு கணக்கிடப்படுவது. அவ்விரண்டையும் அறிந்தவன் கூடவே தாவுவான். இதைப்போலவே மற்றொரு தவறான நம்பிக்கை, ‘பத்து மீட்டர்தானே எட்டும், அந்நியன் எப்படி வருவான்?’ என்பது. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிலர், ஒரு திசையில் மட்டும் கூர்ந்து நோக்கும் ஆன்டெனாவைக் கொண்டு, ஒரு மைலுக்கும் அப்பால் இருந்த கைப்பேசியைப் புளூடூத் வழியே எட்டிக் காட்டினர். அருகாமை என்பது கேட்பவன் காதின் கூர்மையைப் பொறுத்தது!

ஆகவே காற்றைப் பூட்ட இயலாது. பேச்சைத்தான் பூட்ட வேண்டும். இரு கருவிகளும் பேச்சைச் சங்கேதமாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இருவரிடமும் ஒரே திறவுகோல் இருக்க வேண்டும். முன்பின் அறியாத இருவர், எல்லாரும் கேட்கும் இடத்தில் நின்றுகொண்டு, ஒரே திறவுகோலை எவ்வாறு செய்துகொள்வது?

முதலில் கண்ட வழி எளியது. இரண்டு கருவிகளிலும் ஒரே இரகசிய எண்ணை மனிதர் தட்டெழுத வேண்டும். அவ்வெண்ணிலிருந்தே திறவுகோல் பிறக்கும். பெரும்பாலும் நான்கு இலக்கம். காதில் செருகும் கருவியில் எண் தட்ட இடமில்லாமையால், அதைச் செய்தவர்கள் 0000 என்றோ 1234 என்றோ உள்ளேயே எழுதிவைத்துவிட்டனர். உலகில் அத்தனை பேருடைய வீட்டுப் பூட்டுக்கும் ஒரே சாவி! சரி, எவரோ ஒருவர் சிரத்தையோடு 7390 என்று தேர்ந்தாலும் என்ன? நான்கு இலக்கத்தில் அமையும் எண்கள் பத்தாயிரமே. 2005-ஆம் ஆண்டில் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யானிவ் ஷாகெட், அவிஷாய் வூல் என்னும் இருவர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். இரு கருவிகள் இணையும் கணத்தில் காற்றில் செல்வதைப் பதிவுசெய்துகொண்டால், நான்கு இலக்க எண்ணை அக்காலத்துச் சாதாரணக் கணிப்பொறி ஒன்றைக் கொண்டு 0.06 நொடியில் கண்டுவிடலாம் என்று அவர்கள் காட்டினர். கண் இமைப்பதற்கு அதனினும் அதிக நேரமாகும்.

அதற்கு முந்திய ஆண்டு, அதாவது 2004-இல், காபிர் என்னும் நச்சுநிரல் புளூடூத் வழியே கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிற்று. அது எந்தச் சங்கேதத்தையும் உடைக்கவில்லை. ‘ஏற்றுக்கொள்ளலாமா?’ என்று கேட்டது. மறுத்தால் மீண்டும் கேட்டது, மறுபடியும் கேட்டது. சலிப்புற்றவர் ‘ஆம்’ என்று அழுத்தியவுடன் உள்ளே புகுந்தது. பூட்டை உடைப்பவனைவிடக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பவன் கெட்டிக்காரன் போலும்.

இந்நிலையில் கைகொடுத்தது கணிதம். 1976-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அறிஞர்கள் ஒரு விந்தையை வெளியிட்டிருந்தனர். (பிரிட்டிஷ் அரசின் மறைமொழி நிலையத்தில் மால்கம் வில்லியம்சன் முதலியோர் அதற்குச் சற்று முன்னரே இதனைக் கண்டும் வெளியிட அனுமதியின்றி இருந்தனர் என்பது 1997-இல்தான் உலகுக்குத் தெரிந்தது.) மாணவர்களே, தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விந்தையை உங்கள் கையாலேயே செய்து பார்க்கலாம்.

வள்ளி, முருகன் என்று இருவர் இருக்கட்டும். 3, 17 ஆகிய இரண்டு எண்களை ஊரறிய அறிவிக்கின்றனர். வள்ளி தன் மனத்துக்குள் 6 என்ற எண்ணை மறைவாக வைத்துக்கொள்கிறாள்; முருகன் 7-ஐ வைத்துக்கொள்கிறான். வள்ளி, ஆறு மூன்றுகளை ஒன்றோடொன்று பெருக்குகிறாள், 729 வருகிறது. அதனை 17-ஆல் வகுத்தால் மீதி 15. அந்த 15-ஐ உரக்கச் சொல்கிறாள். முருகன், ஏழு மூன்றுகளைப் பெருக்குகிறான்; 2,187. பதினேழால் வகுக்க மீதி 11. அதனை அவன் உரக்கச் சொல்கிறான். இப்போது வள்ளி, தான் கேட்ட 11-ஐத் தன் இரகசியத்தின்படி ஆறு தடவை பெருக்கிப் பதினேழால் வகுக்கிறாள்; மீதி 8. முருகன், தான் கேட்ட 15-ஐ ஏழு தடவை பெருக்கிப் பதினேழால் வகுக்கிறான். அவனுக்கும் மீதி 8! எட்டு என்ற எண்ணை இருவரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. 3, 17, 15, 11 என்ற நான்கையும் கேட்டுக்கொண்டிருந்த ஊராருக்கு எட்டு கிட்டவில்லை. சிறிய எண்களாகையால் முயன்றால் கண்டுபிடித்துவிடுவர்; எண்கள் மிகப் பெரியவையானால், இன்றைய கணிப்பொறிகள் யாவும் சேர்ந்து உழைத்தாலும் நடவாது.

இக்கருத்தை நீள்வட்ட வளைவரைகள் எனப்படும் கணிதத்தின்மேல் அமைக்கலாம் என்று 1985-இல் நீல் கோப்ளிட்சும் விக்டர் மில்லரும் தனித்தனியே கண்டனர். அதனால் சிறிய கருவிக்கும் ஏற்ற சிக்கனம் கிடைத்தது. 2007-ஆம் ஆண்டில் வெளியான புளூடூத் 2.1 விதித்தொகுப்பு இம்முறையை ஏற்றது. ஒட்டுக்கேட்பவனுடைய ஆட்டம் அதனோடு பெரும்பாலும் முடிந்தது.

ஆனால் மாஸ்கலின் நினைவிருக்கிறாரா? கேட்பவனுக்குக் கதவு அடைபட்டது. நடிப்பவனுக்கு இன்னும் திறந்தே இருந்தது. வள்ளிக்கும் முருகனுக்கும் நடுவே ஒருவன் நின்றுகொண்டு, வள்ளியிடம் ‘நானே முருகன்’ என்றும் முருகனிடம் ‘நானே வள்ளி’ என்றும் சொல்லி, இருவரோடும் தனித்தனித் திறவுகோல் செய்துகொண்டால் என்ன ஆகும்? கணக்கு இருபுறமும் சரியாகவே வரும். திறவுகோல் வலிமையானது, ஆனால் பகைவன் கையில் இருக்கிறது. யாரோடு பேசுகிறோம் என்பதைக் கணிதம் தனித்து நின்று சொல்லமாட்டாது.

ஔவையார் தொண்டைமான் அவைக்குள் நுழைந்தபோது, இவர் அதியமானுடைய தூதரே என்பதற்கு அங்கே என்ன அடையாளம் காட்டினார்? பாட்டில் அச்செய்தி இல்லை. ஆனால் அதியமானுடைய அடையாளத்தைப் பற்றியே நமக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. அது என் பொருளுக்கு நேரே பொருந்துகிறது. அசோகச் சக்கரவர்த்தியின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு ‘சத்தியபுத்திரர்’ என்று ஒரு மரபினர் குறிக்கப்பெறுகின்றனர். இவர்கள் யார் என்பதில் அறிஞர் நெடுங்காலம் மாறுபட்டனர். அதியமான்களே என்று சிலர் ஊகித்தனர். வேறு பலர் வேறு வேறு நாடுகளைச் சுட்டினர். 1981-ஆம் ஆண்டில் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயருக்கு முன்னே ‘சதியபுதோ’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருந்தது. வடக்கே ஒரு பேரரசன் தன் கல்லில் எழுதிய பெயரும், தெற்கே ஒரு குறுநிலத் தலைவன் தன் கல்லில் எழுதிய பெயரும் ஒத்தன. இவரைப் பார்த்து அவர் எழுதவில்லை. அவரைப் பார்த்து இவர் எழுதவில்லை. தனித்தனியே நின்ற இரண்டு சான்றுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதால் ஐயம் நீங்கிற்று.

2007-இன் விதியும் இதனையே செய்யச் சொல்கிறது. திறவுகோல் உருவானபின், ஒவ்வொரு கருவியும் தான் அறிந்தவற்றைக் கொண்டு தனித்தனியே கணக்கிட்டு, ஆறு இலக்க எண் ஒன்றைத் தன் முகப்பில் காட்டும். நடுவில் எவனும் இல்லையென்றால் இரண்டு எண்களும் ஒன்றாக இருக்கும், இருந்தால் மாறுபடும். அவன் குருட்டதிர்ஷ்டத்தால் தப்புவதற்குள்ள வாய்ப்பு, ஒரு முயற்சிக்குப் பத்து இலட்சத்தில் ஒன்று. அந்த எண் இரகசியமன்று. பக்கத்தில் நிற்பவர் படித்தாலும் கேடில்லை. வேண்டியது ஒன்றே: இரண்டு முகப்புகளையும் ஒருவர் கண்ணால் பார்த்து, ஒன்றுதானா என்று நோக்கிய பிறகு ‘ஆம்’ என்று அழுத்த வேண்டும். இத்தனை கணிதமும் இத்தனை பொறியியலும் கடைசியில் ஒரு மனிதர் இரண்டு நொடி நின்று பார்ப்பதை நம்பியே இருக்கின்றன. அந்த இரண்டு நொடியை நம்மில் எத்தனை பேர் செலவிடுகிறோம்? நான் செலவிட்டதே இல்லை.

முகப்பே இல்லாத கருவிக்கு, என் மண்டபத்து ஒலிபெருக்கி போன்றவற்றுக்கு, இவ்வழியும் இல்லை. அவற்றிற்காக விதியிலேயே ஒரு சலுகை உண்டு. எதையும் ஒப்பிடாமல் உடனே இணைந்துவிடலாம். ஒட்டுக்கேட்பவன் வெளியே நிற்பான். நடுவில் நிற்பவனைத் தடுக்க ஆளில்லை. சௌகரியத்திற்காகக் கொடுத்த விலை இது. காதில் பாட்டுக் கேட்பதற்கு இது போதும் என்பதே என் அபிப்பிராயம். விசைப்பலகையை இணைத்து அதில் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டுபவர் அப்படி இருந்துவிடலாகாது.

எழுதிய விதியிலேயே குறை ஒளிந்திருந்ததும் உண்டு. சங்கேதத் திறவுகோலின் நீளத்தை இரு கருவிகளும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். 16 பைட் வரை இருக்கலாம், ஒரே பைட்டாகவும் இருக்கலாம் என்று பழைய விதி இடம் கொடுத்திருந்தது. வலிமையான சங்கேதத்தை நாடு கடந்து விற்பதற்குச் சில அரசுகள் விதித்திருந்த தடைகளை முன்னிட்டுச் செய்த ஏற்பாடு அது. 2019-ஆம் ஆண்டில் டானியேலே அன்டோனியோலி, நில்ஸ் ஓலே டிப்பன்ஹவர், காஸ்பர் ராஸ்முசன் என்னும் மூவர் அதனை வெளிப்படுத்தினர். நீளத்தைப் பேரம் பேசும் அப்பேச்சில் ஓர் அந்நியன் குறுக்கிட்டு, ‘ஒரு பைட் போதும்’ என்று இருபுறமும் ஒப்புக்கொள்ள வைக்க முடிந்தது. ஒரு பைட் என்றால் 256 திறவுகோல்களே; ஒவ்வொன்றாக முயன்றால் தீர்ந்தது. இருபது ஆண்டுகளாக அனைவர் கண்முன்னும் அச்சிட்டுக் கிடந்த வரி அது! அதன்பின் ஏழு பைட்டுக்குக் குறையக் கூடாது என்று புளூடூத் சங்கம் அறிவுறுத்திற்று. கருவிகளின் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லி அவ்வப்போது வரும் அறிவிப்பை நாம் தொல்லை என்று தள்ளிவிடுகிறோம். இத்தகைய திருத்தங்கள் அதன் வழியாகவே நம்மை வந்தடைகின்றன.

என் மண்டபத்திற்குத் திரும்புகிறேன். என் வழக்கில் பகைவன் எவனும் இல்லை. சங்கேதம் சரியாகவே இயங்கிற்று, திறவுகோலும் வலிமையானதே. ஒரு முறை இணைந்த கருவிகள் தம் திறவுகோலை நினைவில் வைத்துக்கொள்கின்றன. நாள்தோறும் புதிதாக இணைக்கும் தொல்லையை நமக்கு மிச்சப்படுத்துவதற்காகச் செய்த ஏற்பாடு அது. உறவை உண்டாக்க இவ்வளவு கணிதம் செய்த அறிஞர்கள், அதனை முறிக்கும் வேலையை மட்டும் நம்மிடமே விட்டுவிட்டனர். கைப்பேசியின் பட்டியலில் அக்கருவியின் பெயரைத் தேடி, மறந்துவிடு என்று நாம்தான் கட்டளையிட வேண்டும். அன்றிரவே என் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பதினான்கு பெயர்கள் இருந்தன. மேட்டூருக்குச் சென்றபோது ஏறிய வாடகைக் காரின் பெயர் ஒன்று. விற்றுவிட்ட இயர்போனின் பெயர் ஒன்று. நான்கு பெயர்கள் எவையென்றே எனக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் நீக்கினேன்.

வாரம் கழித்து அம்மண்டபத்திற்குச் சென்று, ஒலிபெருக்கியின் பக்கத்திலும் இருந்த நினைவை அழிக்க வேண்டும் என்று காவலாளியிடம் கூறினேன். அவர் முதலில் தயங்கினார்.

“ஐயா, முந்தாநாள் கல்யாண வீட்டார் வந்து இணைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுடையதும் போய்விடுமா?”

“போய்விடும்” என்றேன்.

“அதற்கு முந்திய வளைகாப்பு வீட்டாருடையது?”

“அதுவும்தான்.”

அவர் சற்று யோசித்தார். பிறகு தாமே ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார். விளக்கு சிவப்பாகி, இரண்டு தடவை மினுக்கி அணைந்தது. நான் புறப்படும்போது அவர் தம் கைப்பேசியை எடுத்து நீட்டி, “இதிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள், ஐயா” என்றார். வாசற்படியில் அமர்ந்து இருவரும் அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினோம்.